தேர்வறைக்கு வெளியே ஆறு ஆண்டுகள்

மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவருக்குத் தேர்வு நடத்த நம் கல்வி நிறுவனங்களுக்குத் தெரியும். சொல்வதை எழுதுபவர் ஒருவர் அமர்த்தப்படுகிறார். தரைத்தளத்தில் அறை ஒதுக்கப்படுகிறது. மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தரப்படுவதால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகிறது. மத்திய அரசு 2013-இலும் 2018-இலும் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவற்றை எழுத்தில் கொண்டுவந்தன. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஓர் அடி முன்னே போனது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உடைய ஒருவர், 40 விழுக்காடு என்னும் சான்றிதழ் வரம்புக்குள் வராவிட்டாலும், எழுத உதவியாளர் கேட்கும் உரிமை பெற்றவர் என்றது அந்தத் தீர்ப்பு. இவற்றில் எதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை. ஒவ்வொன்றின் பின்னும் மனுக்கள் உண்டு, மறியல்கள் உண்டு, வருடக்கணக்கில் நீதிமன்றப் படியேறியவர்கள் உண்டு. அந்தப் போராட்டங்களுக்குரிய மதிப்பைத் தந்துவிட்டே அடுத்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்வறைக்கு வெளியே நடக்கும் படிப்புக்கு நம்மிடம் ஏற்பாடுகள் மிகக் குறைவு. முனைவர் பட்ட ஆய்வோ ஏறக்குறைய முழுவதும் தேர்வறைக்கு வெளியேதான் நடக்கிறது.

முதல் ஆண்டில் சில தாள்கள் எழுதி முடித்துவிட்டால் ஆய்வாளருக்குப் பிறகு எழுத்துத் தேர்வு கிடையாது. நூலகம், ஆவணக் காப்பகம், களம், ஆய்வுக்கூடம், கருத்தரங்கம், நெறியாளரின் அறை என்று அவர் வாழ்க்கை விரிந்துவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் இதற்கு ஆறு ஆண்டு தருகின்றன. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ளவர்களுக்கும் அதற்கும் மேல் இரண்டு ஆண்டு என, மொத்தம் பத்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. தாராளமான விதிதான். ஆனால் தேசிய ஆய்வு உதவித்தொகை ஐந்தாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. எஞ்சிய ஆண்டுகளை ஆய்வாளர் எப்படிக் கழிப்பார் என்பதற்கு விதியில் பதில் இல்லை. நேரத்தைக் கொடுத்து, அந்த நேரத்தில் வேலை செய்யும் வழியைக் கொடுக்காவிட்டால், அவருக்குக் கிடைப்பது நீண்ட காத்திருப்பு மட்டுமே.

எனக்கு நெருக்கமான பார்வையற்ற ஆய்வாளர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் தமிழ் இதழ்களைத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். அவருக்காகப் பல மாலைகள் வாசித்திருக்கிறேன். பழைய இதழ்த் தொகுதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பொருளடக்கத்தை முதலில் வாசிப்பேன். எந்தக் கட்டுரை வேண்டுமென்று அவர் சொல்வார். அதை வாசிப்பேன், அவர் கைப்பேசியில் பதிந்துகொள்வார். ஒருநாள் வாசிப்புக்கு நடுவே அவர் சொன்னது மனத்தில் தங்கிவிட்டது.

"சார், பக்கத்தைப் புரட்டுறவங்களுக்குத் தேடாத விஷயமும் கண்ணுல படும். எனக்கு நான் கேக்கறது மட்டும்தான் கிடைக்கும். கேக்கத் தெரியாதது கிடைக்காது."

ஆராய்ச்சி செய்தவர்கள் எல்லாருக்கும் இந்த வாக்கியத்தின் கனம் புரியும். ஓரத்தில் இருக்கும் விளம்பரம், வாசகர் கடிதம், அடுத்த பக்கத்தில் வேறொருவர் எழுதிய மறுப்பு, அச்சுப்பிழைத் திருத்தம், நன்கொடையாளர் பட்டியல் என்று தேடாமல் கிடைத்தவற்றால்தான் பல ஆய்வுகளின் போக்கே மாறியிருக்கிறது. கண்ணுள்ள ஆய்வாளர் அதைத் தன் உழைப்பின் பயன் என்று நினைத்துக்கொள்கிறார். உழைப்பும் இருக்கிறது, பக்கம் அவருக்குத் திறந்திருப்பதும் இருக்கிறது. என் நண்பருக்கு ஒவ்வொரு பக்கமும் இன்னொருவரின் ஓய்வு நேரத்தின் வழியாகத்தான் திறந்தது. எனக்கு நேரமிருந்த மாலைகளில் பொருளடக்கத்தோடு நிறுத்தாமல் விளம்பரங்களையும் சேர்த்து வாசித்தேன். நேரமில்லாத மாலைகளில் அவர் ஆய்வு அந்த அளவுக்குச் சுருங்கியது. ஒருவரின் ஆய்வேட்டின் ஆழம் இன்னொருவரின் ஓய்வைப் பொறுத்து அமைவதை நியாயமென்று என்னால் ஏற்க முடியவில்லை.

கணினி வந்துவிட்டதே, திரைவாசிப்பான் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டெயும், 2006-இல் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. அது தமிழும் வாசிக்கும். ஆங்கிலத்தில் ஆய்வு செய்பவருக்கு அது ஒரு நூலகத்தையே திறந்துவிடுகிறது. தமிழில் ஆய்வு செய்பவருக்கு அது வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதை வெளியே உள்ளவர்கள் அறிவதில்லை.

காரணம் நம் கோப்புகள். திரைவாசிப்பானுக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, எழுத்தின் குறியீட்டெண்தான் தெரியும். யுனிகோடில் 'அ'வுக்குத் தனி எண் இருக்கிறது, அதைக் கண்டதும் அது 'அ' என்று ஒலிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியேற்றப்பட்டிருக்கின்றன. பாமினியில் 'அம்மா' என்று தட்டச்சிட்டால் திரையில் அம்மா தெரியும். கணினியின் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் அதைத்தான் ஒலிக்கும். முந்நூறு பக்க ஆய்வேடு முழுவதும் இப்படி ஆங்கில எழுத்துச் சிதறலாகக் காதில் விழுவதைக் கற்பனை செய்து பாருங்கள். தமிழக அரசு 2010 ஜூனில் யுனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் பழைய எழுத்துருக்களே ஓடின. இன்றும் ஓடுகின்றன. ஆய்வேடுகளை மின்வடிவில் சேமிக்கும் சோத்கங்காவில் உள்ள தமிழ் ஆய்வேடுகள் பலவற்றை இந்தக் காரணத்தாலேயே பார்வையற்றவர் வாசிக்க முடியாது. தன் துறையில் தனக்கு முன்னால் என்ன நடந்திருக்கிறது என்று அறிவது ஆய்வின் முதல் படி. அந்த முதல் படியே அவருக்கு எட்டாமல் இருக்கிறது.

மற்றொரு பெரும்பகுதி, பக்கங்களைப் படம்பிடித்துச் சேர்த்த பிடிஎஃப் கோப்புகள். ரோஜா முத்தையா நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஈழத்து நூலகம் வலைத்தளமும் செய்திருக்கும் பணி மகத்தானது. அழிந்துபோயிருக்க வேண்டிய நூல்களை அவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் படம் படம்தான், அதில் திரைவாசிப்பானுக்கு எழுத்தே இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது தமிழிலும் நன்றாக முன்னேறியிருக்கின்றன. அண்மைக் காலத்துத் தெளிவான அச்சுக்கு அவை பெரும்பாலும் போதும். மங்கிய பழைய அச்சில் தடுமாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை வடிவங்களிலும் தடுமாறும். யாராவது ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தித் தந்தால்தான் மேற்கோள் காட்டத் தகுந்த பிரதி கிடைக்கும். அந்த 'யாராவது ஒருவர்' யார், அவருக்குச் சம்பளம் யார் தருவது? இதற்குப் பதில் சொல்லும் பல்கலைக்கழகத்தைத்தான் மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த பல்கலைக்கழகம் என்று சொல்வேன்.

பக்க எண் சிக்கல் ஒன்று இருக்கிறது. சிறியதாகத் தோன்றும், ஆய்வாளருக்கு அது பெரியது. ஒலிப்பதிவில் பக்க எண் இராது. வாசிப்பவர் ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் எண்ணைச் சொல்லியிருந்தாலொழிய, ஆய்வேட்டின் அடிக்குறிப்பு எழுதும் நாளில் மறுபடியும் ஒருவரை அழைத்துக்கொண்டு நூலகம் போக வேண்டும். பழக்கமில்லாத வாசிப்பாளர் இதைச் செய்ய மாட்டார், அவருக்குச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். ஆய்வு நூலை வாசித்துத் தருவது பயிற்சி வேண்டிய வேலை. நாம் அதைக் கருணைச் செயலாக வைத்திருப்பதால் அதற்குப் பயிற்சியும் இல்லை, கூலியும் இல்லை. மாற்றுத்திறனாளி ஆய்வாளர்களுக்கென ஆண்டுக்கு 200 பேருக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் திட்டம் 2012 வாக்கில் தொடங்கியபோது, வாசிப்பாளருக்கோ துணையாளருக்கோ தர மாதம் 2,000 ரூபாய் சேர்த்தது. நாளொன்றுக்கு 67 ரூபாய்க்கும் குறைவு. எந்தப் பட்டதாரி இந்தக் கூலிக்கு வந்து மணிக்கணக்கில் வாசிப்பார்? ஆகவே விடுதி அறைத்தோழரும் தங்கையும் மனைவியுமே வாசிக்கிறார்கள்.

இரட்டைப் புலவர் கதை தமிழ் படித்த அனைவருக்கும் தெரியும். ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் அமர்ந்து வழி சொல்ல, ஊர் ஊராகப் போய், ஒருவர் வெண்பாவின் முதல் இரண்டடியைச் சொல்ல மற்றவர் முடித்துப் பாடினார்கள் என்பார்கள். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் பாடியவை. நட்பின் அழகாக இந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்கிறோம். அழகுதான். ஆனால் அந்த இருவரும் ஒருவரையொருவர் கண்டடையாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த வகுப்பிலும் கேட்பதில்லை. அப்படிக் கண்டடையாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது இலக்கிய வரலாற்றில் பதிவாக வழியே இல்லை. நம் பல்கலைக்கழகங்களில் இன்றைய நிலைமையும் இதுதான். நல்ல தோழர் அமைந்தவர் ஆய்வை முடிக்கிறார். அமையாதவர் இடையில் நின்றுவிடுகிறார், அவர் ஏன் நின்றார் என்று எவரும் எழுதி வைப்பதில்லை.

வேறொரு நாட்டில் ஆராய்ச்சி மாணவர்களே இதை மாற்றியிருக்கிறார்கள். எட் ராபர்ட்ஸ் பதினான்கு வயதில், 1953-இல், போலியோவால் கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர். இரவில் இரும்பு நுரையீரல் என்னும் பெரிய உருளைக்குள் படுத்துத்தான் மூச்சுவிட முடியும். 1962-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர வந்தார். மறுவாழ்வுத் துறை முதலில் உதவ மறுத்தது, இவ்வளவு கடுமையான குறைபாடுள்ளவர் வேலைக்குப் போகப் போவதில்லை என்று கணக்குப் போட்டது. செய்தித்தாளில் விஷயம் வெளிவந்த பிறகே இறங்கி வந்தது. இரும்பு நுரையீரல் எந்த விடுதி அறையிலும் நுழையாது என்பதால் பல்கலைக்கழகத்தின் கவெல் மருத்துவமனையில் அவரைத் தங்க வைத்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அவரைப் போன்ற மற்றவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். தங்களுக்கு 'ரோலிங் குவாட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1966-இல் அரசியல் அறிவியலில் முதுகலை முடித்து ராபர்ட்ஸ் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த காலம் அது.

மருத்துவமனையில் இருந்தவரை அவர்கள் நோயாளிகள். எப்போது எழுவது, யார் உதவுவது என்பதையெல்லாம் பிறர் முடிவு செய்தார்கள். அதிலிருந்து வெளியேறத் தங்களுக்கு என்ன தேவை என்று அவர்களே உட்கார்ந்து பேசி எழுதினார்கள். நம்பகமான துணையாளர்கள் வேண்டும், அவர்களை நாங்களே தேர்ந்தெடுப்போம், வேண்டாமென்றால் நாங்களே நிறுத்துவோம். சக்கர நாற்காலி பழுதானால் உடனே சரிசெய்ய ஒரு பட்டறை வேண்டும், ஏனெனில் நாற்காலி ஒருநாள் நின்றால் படிப்பும் ஒருநாள் நிற்கும். வளாகத்துக்கு வெளியே வாடகைக்கு வீடு பிடிக்க உதவி வேண்டும். இவற்றைக் கொண்டு 1970-இல் அமெரிக்க மத்திய அரசின் நிதியோடு மாற்றுத்திறனாளி மாணவர் திட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் நீட்சியாக 1972-இல் ஊருக்கே பொதுவான சுதந்திர வாழ்வு மையம் உருவாயிற்று. தனக்கு உதவ மறுத்த அதே மறுவாழ்வுத் துறைக்கு 1975-இல் எட் ராபர்ட்ஸ் இயக்குநரானார்.

இதில் என்னைக் கவர்வது அந்தப் பட்டறைதான். அப்படியொன்றை மாணவர் நலனைக் கவனிக்கும் எந்த அதிகாரியும் யோசித்திருக்க மாட்டார், அவர் நாற்காலியில் வாழ்பவரல்லர். நம் பல்கலைக்கழகங்களில் சம வாய்ப்பு மையம் என்ற பலகை இப்போது பரவலாகத் தெரிகிறது. பெரும்பாலும் ஏற்கெனவே பல பொறுப்புகள் சுமக்கும் பேராசிரியர் ஒருவருக்கு அதைக் கூடுதல் பொறுப்பாகத் தந்துவிடுகிறார்கள். அந்தப் பேராசிரியரின் நல்லெண்ணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மையத்தின் கூட்டத்தில் மாற்றுத்திறனாளி ஆய்வாளர்கள் உட்கார்ந்து செலவுக் கணக்கைத் தீர்மானிக்கிறார்களா என்பதே என் கேள்வி. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக நூலகத்தில் பார்வையற்றோருக்கென ஹெலன் கெல்லர் பிரிவு இருக்கிறது. சென்னை லயோலா கல்லூரியிலும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கான மையங்கள் இருக்கின்றன. முன்மாதிரி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

பார்வையைப் பற்றியே அதிகம் சொல்லிவிட்டேன், நான் அருகிருந்து கண்டது அதுதான். மற்றவர்களின் தடைகள் வேறு. செவித்திறனற்ற ஆய்வாளருக்கும் பொது வாய்மொழித் தேர்வு கட்டாயம். அங்கே சைகைமொழிபெயர்ப்பாளர் இருந்தால் மட்டும் போதாது. பொருளியலோ வேதியியலோ, அந்தத் துறையின் கலைச்சொற்களை ஆய்வாளரோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசி வைத்திருக்க வேண்டும். இந்திய சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையமே 2015-இல்தான் அமைந்தது. அதன் அகராதி 2021-இல் 10,000 சொற்களை எட்டியது. ஆய்வு மொழிக்கு அது தொடக்கம். சக்கர நாற்காலியில் வரும் நாட்டுப்புறவியல் மாணவருக்குக் களப்பணி என்றாலே பேருந்துப் படி. வாகனச் செலவை ஆய்வுச் செலவாக ஏற்கும் அலுவலகம் அவருக்கு வேண்டும்.

பிறகு, கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டம் ஏழு வகைகளையே கண்டது. 2016 சட்டம் 21 வகைகளை ஏற்றிருக்கிறது. தண்டுவட மரப்பு நோய், பார்க்கின்சன், தலசீமியா, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் அதில் உண்டு. ஆய்வுக் காலம் நீண்டது. நலமாகச் சேர்ந்தவர் நடுவில் நோயாளி ஆகலாம். அவருக்குச் சேர்க்கை விண்ணப்பத்தில் நிரப்பிய கட்டம் உதவாது. இடையில் வந்து, "என்னால் இப்போது நாளுக்கு மூன்று மணி நேரம்தான் வேலை செய்ய முடிகிறது" என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், யாரிடம் சொல்வார்? நம் அமைப்பில் ஒரே இடம் நெறியாளர். ஆறு மாதத்துக்கொரு முறை முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்திடுபவர் அவர். உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திடுபவரும் பின்னாளில் பரிந்துரைக் கடிதம் எழுதுபவரும் அவரே. அவரிடம் தன் நோயைச் சொல்வது எவ்வளவு அச்சம் தரும் என்று ஆய்வு மாணவராக இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். நல்ல நெறியாளர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஒருவரின் நல்ல குணத்தின் மேல் இன்னொருவரின் உரிமையைக் கட்டி எழுப்பக் கூடாது. நெறியாளர் அல்லாத ஓர் அலுவலகம், இரகசியம் காத்து, தேவையைக் கேட்டு, எழுத்தில் ஆணையிட்டு, நெறியாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நெறியாளருக்கும் இது நல்லது. தனியே சுமக்க முடியாததை அவரும் சுமக்க வேண்டியிராது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2016 சட்டம் நியாயமான வசதி செய்து தராததையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. விகாஷ் குமார் தீர்ப்பு, ஒவ்வொருவரின் தேவையையும் அவரோடு பேசி அறிய வேண்டும், எல்லாருக்கும் ஒரே அளவு என்பது வசதியாகாது என்று விளக்கியிருக்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக விட முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். உயர்கல்வியில் ஐந்து விழுக்காடு இடத்தை இந்தச் சட்டமே ஒதுக்கியது. இடம் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்து ஆய்வு செய்யும் வழியைக் கொடுக்காமல் இருப்பது அந்த ஒதுக்கீட்டை நாமே பறிப்பதற்குச் சமம்.

அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியவை அப்படி. இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நூலின் யுனிகோடு கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். பழைய எழுத்துருவில் இருந்தால் மாற்றி வையுங்கள், மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பார்வையற்ற ஆய்வாளர் ஒருவர் கேட்டால் அன்றே அனுப்பிவிடுங்கள். உங்கள் மாணவரின் ஆய்வேட்டை யுனிகோடில் இல்லாவிட்டால் ஏற்காதீர்கள். சிறுபத்திரிகைகள் தங்கள் பழைய இதழ்களை எழுத்து வடிவில் வெளியிடட்டும், இந்த இதழும் அதில் சேரட்டும். பதிப்புரிமை பற்றித் தயங்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளி ஒருவர் கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ பயன்படுத்த, அவர் வாசிக்கக்கூடிய வடிவில் எந்த நூலையும் எவரும் மாற்றித் தரலாம் என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012 திருத்தத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டது.